ஏரிக்கு எந்த ஆபீசர்?

போன பொங்கலுக்கு அம்மா ஊருக்குப் போயிருந்தேன். பாகூர் கொம்யூனில் ஒரு சின்ன கிராமம். சாயங்காலம் மாமா வயல் பக்கம் கூட்டிட்டுப் போனார். வாய்க்கால் மதகுகிட்ட நின்னு கையைக் காட்டினார். தண்ணி கருப்பா இருந்தது. நாத்தம்.

“மாப்ள, நீ இன்ஜினியர்தான? சொல்லு. இதுக்கு எந்த ஆபீசர்கிட்ட போறது?”

நான் மென்பொருள் எழுதுறவன் என்பது மாமாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. படிச்சவன், சொல்லணும். எனக்குத் தெரியவில்லை. “பொல்லூஷன் ஆபீஸ்ல ஒரு மனு குடுங்க மாமா” என்றேன். “எத்தனை பொல்லூஷன் ஆபீஸ் இருக்கு, அதுல எது?” என்றார். அதுவும் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் இரண்டு மூன்று வாரம் ராத்திரியில் உட்கார்ந்து சட்டங்களையும் தீர்ப்புகளையும் படித்தேன். கல்லூரியில் என்னோடு படித்த ஒருவன் வேறொரு மாநிலத்தின் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறான். அவனிடமும் நிறைய பேசினேன். தெரிந்துகொண்டதன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு. ‘சுற்றுச்சூழல் அதிகாரி’ என்று நாம் சொல்லும் ஆள் யார், அவர் கையில் உண்மையில் என்ன இருக்கிறது, எங்கே கை கட்டப்படுகிறது என்பதுதான் விஷயம்.

ஒரே ஏரி, இரண்டு கரை, இரண்டு காலம்

பாகூரை விட்டு முதலில் வில்லியனூருக்குப் போவோம். அங்கேதான் பிரச்சினை தெளிவாகத் தெரியும்.

ஊசுடு ஏரி புதுச்சேரிப் பகுதியிலேயே பெரிய ஏரி. பரப்பு ஏறத்தாழ 800 ஹெக்டேர். இதில் சுமார் 390 ஹெக்டேர் புதுச்சேரியில், மீதி தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில். தண்ணீருக்கு எல்லைக்கோடு தெரியாது. அதிகாரிகளுக்கு அதுதான் முதலில் தெரியும்.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 மார்ச்சில் வந்தது. ‘தண்ணீர்’ அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். அதில் நாடாளுமன்றம் நேராகச் சட்டம் போட முடியாது. மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால்தான் முடியும் (கூறு 252). அப்படிக் கேட்ட மாநிலங்களுக்கு மட்டும் முதலில் சட்டம் பொருந்தியது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. ஆனால் யூனியன் பிரதேசங்களுக்கு நாடாளுமன்றம் எதைப் பற்றியும் நேராகச் சட்டம் போடலாம். அதனால் சட்டத்தின் முதல் பிரிவிலேயே யூனியன் பிரதேசங்களும் சேர்ந்துவிட்டன.

இதன் அர்த்தம் என்ன? புதுச்சேரிக் கரைக்கு நீர்ச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. எதிர்க்கரை பின்னால்தான் உள்ளே வந்தது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது 1982 பிப்ரவரி 27ஆம் தேதி. எட்டு வருஷ இடைவெளி. அத்தனை வருஷமும் நாரைக்கும் நீர்க்கோழிக்கும் இது தெரியாது.

(1981இல் வந்த காற்று மாசுச் சட்டத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்தியா ஒப்புக்கொண்டதை நிறைவேற்றுகிறோம் என்று சொல்லி நாடு முழுமைக்கும் போட்டார்கள். புகைக்கு டெல்லி நேரடி வழி வைத்திருந்தது. தண்ணிக்குத்தான் மாநிலம் மாநிலமாகச் சுற்றி வரவேண்டியிருந்தது.)

வாரியம் இல்லாத ஊர்

சட்டம் சீக்கிரம் வந்ததே தவிர, புதுச்சேரிக்கு ‘மாநில வாரியம்’ கிடையாது. நீர்ச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யூனியன் பிரதேசத்துக்குத் தனி வாரியம் அமைக்கக்கூடாது என்று சொல்கிறது. அங்கே மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியமே மாநில வாரியம் மாதிரி. அது தன் அதிகாரத்தை ஓர் ஆளுக்கோ குழுவுக்கோ ஒப்படைக்கலாம். அப்படி ஒப்படைக்கப்பட்டதுதான் புதுச்சேரி மாசு கட்டுப்பாட்டுக் குழுமம்.

கணினி ஆட்களுக்குச் சொல்வதென்றால், தமிழ்நாட்டு வாரியத்துக்குச் சொந்த அட்மின் கணக்கு இருக்கிறது. புதுச்சேரிக் குழுமத்துக்கு இருப்பது டெல்லி கொடுத்த டெலிகேட்டட் கணக்கு. அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அனுமதியின் வேர் எங்கே என்று கேட்டால் பதில் வேறு.

அடுத்து, மேலே உட்காருகிறவர்கள். புதுச்சேரியின் துறைச் செயலர்கள் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். அவர்களின் தொகுப்பு அருணாசலப் பிரதேசம், கோவா, மிசோரம், யூனியன் பிரதேசங்கள் எல்லாம் சேர்ந்தது. இன்று புதுச்சேரியில் இருப்பவர் நாளை இடாநகரிலோ டெல்லியிலோ இருப்பார். சின்ன நிர்வாகம் என்பதால் ஒரே செயலர் பல துறைகளைக் கவனிப்பதும் வழக்கம். ஊசுட்டேரி மழைக்காலத்தில் எப்படி இருக்கும், கோடையில் எப்படி இருக்கும் என்று இரண்டு மூன்று தடவை பார்ப்பதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடும்.

கீழே? வில்லியனூர், பாகூர் இரண்டும் கொம்யூன் பஞ்சாயத்துகள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 5 நகராட்சிகளும் 10 கொம்யூன்களும் இருக்கின்றன. உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. 38 வருஷம் கழித்து! அப்போது ஜெயித்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. பிறகு மறுபடியும் அதிகாரிகள்தான், கொம்யூன் ஆணையர்கள்தான். அதாவது மாமாவின் வாய்க்காலுக்கு மேலேயும் அதிகாரி, கீழேயும் அதிகாரி. நடுவில் ‘நீதானே ஓட்டு கேட்டு வந்தே’ என்று ஊர்க்காரர் சட்டையைப் பிடிக்கக்கூடிய உள்ளாட்சி ஆள் இல்லை.

மதகில் எத்தனை கை

ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்தேன். பாகூர் ஏரித் தண்ணீருக்கு யார் யார்?

ஏரி, கரை, மதகு, வாய்க்கால் எல்லாம் பொதுப்பணித் துறையின் நீர்ப்பாசனப் பிரிவு. அந்த ஏரிக்கு வரும் பங்காரு வாய்க்கால் கிளம்புவது தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து, அது தமிழ்நாடு. போர் போட அனுமதி, 2002ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்தின்கீழ் வந்த ஆணையம். குப்பை, சாக்கடை, கொம்யூன். தண்ணீரின் தரம், மாசு கட்டுப்பாட்டுக் குழுமம். ஊசுட்டேரி என்றால் கூடவே வனத்துறையும் உண்டு. புதுச்சேரி தன் பக்கத்தை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பக்கத்தைப் பின்னால் அறிவித்தது.

இது புதுச்சேரிக்கு மட்டும் உள்ள நோய் இல்லை, எல்லா மாநிலத்திலும் இப்படித்தான். ஆனால் பாகூரில் ஏரியைக் கவனிப்பது ஊராரின் வேலையாக இருந்த ஞாபகம் இன்னும் இருக்கிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு தேவதாசிகள் வாய்க்கால் வெட்டிய கதையை மாமா இப்போதும் சொல்வார். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் 1999 தொடங்கி புதுச்சேரியின் 84 ஏரிகளையும் புனரமைக்கும் திட்டம் நடந்தபோது, ஏரிப் பாசனதாரர் சங்கங்களை மறுபடி உண்டாக்கினார்கள். மாமாவும் ஒன்றில் உறுப்பினர். ‘அப்ப கூட்டம் போட்டா டீயாவது குடுப்பாங்க’ என்பார்.

இன்னொரு வேடிக்கை. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் வந்தபோது, இனி ஏரிகளுக்குப் பாதுகாப்பு என்று நானும் சந்தோஷப்பட்டவன். இப்போதுதான் வரையறையை ஒழுங்காகப் படித்தேன். குடிநீருக்காகவோ பாசனத்துக்காகவோ மனிதர் கட்டிய நீர்நிலைகள் அந்த விதிகளின்படி ‘ஈரநிலம்’ ஆகாது! நம்ம ஊரில் ஏரி என்றாலே மனிதர் கரை கட்டிப் பாசனத்துக்காக உண்டாக்கியது. ஆயிரம் வருஷமாகப் பறவை வந்தாலும், நாம் கட்டிய குற்றத்துக்காகப் பட்டியலுக்கு வெளியே.

பாட்டிலில் பிடித்தால் போதாது

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்து வருஷம் முன்பு, வேறொரு மாநிலத்தில் வேலை பார்த்தபோது, வீட்டுப் பக்கத்து ஓடையில் நுரை நுரையாகத் தண்ணீர் வந்தது. வாட்டர் பாட்டிலில் பிடித்து, கைக்காசு போட்டு ஒரு தனியார் ஆய்வகத்தில் சோதித்து, முடிவை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. ‘காசு வாங்கிட்டானுங்க’ என்று முகநூலில் எழுதி நூறு லைக்கும் வாங்கினேன்.

நண்பனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். “உன் பாட்டிலை வச்சு நான் என்னடா பண்றது?”

நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மாதிரி எடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீரை அதிகாரி எடுக்கும்போதே, இதைச் சோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று ஆலைப் பொறுப்பாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டையும் மூடி முத்திரை வைத்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று வாரியத்தின் ஆய்வகத்துக்கு. பொறுப்பாளர் கேட்டால் இன்னொன்று அரசு குறித்த வேறு ஆய்வகத்துக்கு. அவர் வேண்டுமென்றே வராமல் போனால் அதற்கும் தனி முறை உண்டு. இதில் ஒரு படி தவறினாலும் அந்தச் சோதனை முடிவை வழக்கில் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள்.

நியாயமான விதிதான். இல்லையென்றால் பிடிக்காதவன் ஆலையை யாரும் ஒரு பாட்டிலை வைத்தே மூடிவிடலாம். ஆனால் களத்தில் யோசியுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்துவிடுகிறவனை, காலையில் ஜீப்பில் போய், நோட்டீஸ் கொடுத்து, கையெழுத்து வாங்கிப் பிடிக்க வேண்டும். ஜீப் கேட்டுக்குள் நுழையும்போதே வால்வு மூடியிருக்கும். “நாங்க போற நேரத்துல அங்க வர்ற தண்ணிய நீ குடிக்கலாம்” என்றான்.

நான் அன்று திட்டியவர் காசு வாங்கினாரா இல்லையா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததைத்தான் நூறு பேருக்கு உறுதியாகச் சொல்லியிருந்தேன்.

முப்பது வருஷம் எப்படிப் போகும்

தமிழ்நாட்டு வாரியத்தை எடுத்துக்கொள்வோம், படிக்கட்டு தெளிவாக இருக்கும். சிவில், கெமிக்கல், சுற்றுச்சூழல் மாதிரியான பொறியியல் முடித்தவர் உதவிப் பொறியாளராகச் சேர்கிறார். பிறகு உதவிச் சுற்றுச்சூழல் பொறியாளர். பிறகு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், ஆலைக்காரர்கள் ‘டி.இ.இ.’ என்பது இவரைத்தான். அதற்கு மேல் இணைத் தலைமைச் சுற்றுச்சூழல் பொறியாளர். உச்சியில் உறுப்பினர் செயலரும் தலைவரும்.

இந்த முப்பது வருஷத்தில் பெரும்பகுதி கோப்பில்தான் போகும். ஆலை தொடங்க ஓர் இசைவு, இயக்க ஓர் இசைவு, பிறகு புதுப்பித்தல். ஆலைகளைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் அதிக மாசு, அடிக்கடி ஆய்வு. நண்பன் கணக்கில், அவன் நேரத்தில் முக்கால்வாசி இசைவுக் கோப்பு, மீதி கோர்ட், தீர்ப்பாயம், சட்டமன்றக் கேள்விக்குப் பதில். ஏரியைப் போய்ப் பார்ப்பது மனு வந்தால் மட்டும். ஆள் பற்றாக்குறை வேறு. நாடு முழுவதும் இந்த வாரியங்களிலும் குழுமங்களிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் கிட்டத்தட்ட பாதி காலி என்பது பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்த கணக்கு.

அதிகாரம் இல்லையா? இருக்கிறது, பயங்கரமாக இருக்கிறது. 1988இல் சேர்த்த 33ஏ பிரிவின்படி வாரியம் ஆலையை மூடச் சொல்லலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லலாம். கோர்ட்டுக்குப் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. பிரச்சினை வேறு இடத்தில். கீழே இருப்பவர் எழுதும் குறிப்பு, மேலே இருப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் உத்தரவு.

அந்த மேலே இருப்பவர் யார்? தலைவருக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பில் சிறப்பு அறிவோ நடைமுறை அனுபவமோ இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அரசியல்வாதிகளும் சம்பந்தமில்லாத துறையினரும் உட்கார்ந்தார்கள். பட்டாச்சார்யா குழு 1984இலும் பெல்லியப்பா குழு 1990இலும் இந்த வாரியங்களைச் சீர்திருத்தச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் உத்தராகண்டில் ஆரம்பித்த ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 செப்டம்பர் 22இல் நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா தீர்ப்புச் சொன்னார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தன் எல்லையைத் தாண்டியது என்று அதன் உத்தரவை ரத்து செய்தார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் நியமன விதிகளை எழுத வேண்டும் என்றும் சொன்னார்கள். சட்டம் வந்து 43 வருஷம் கழித்து, சட்டத்தில் ஏற்கனவே இருந்ததை நடத்திக் காட்டச் சொன்ன தீர்ப்பு.

“சேர்ந்த முதல் அஞ்சு வருஷம் எல்லாத்தையும் எழுதுவோம். அப்புறம் எது கையெழுத்தாகும்னு தெரிஞ்சதை மட்டும் எழுதுவோம்” என்றான் நண்பன். லஞ்சம் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு இந்த வாக்கியமே போதுமான பயத்தைத் தந்தது. யாரும் தப்புச் செய்யாமலே ஒரு ஏரி செத்துப்போக இது போதும்.

2024: மறுபடியும் இரண்டு கரை

கடைசியாக ஒரு முக்கிய மாற்றம். 2024 பிப்ரவரியில் நீர்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பு நீர்நிலையில் மாசு கலந்தால் ஒன்றரை வருஷம் முதல் ஆறு வருஷம் வரை சிறை. இப்போது அதற்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம். விதிப்பது நீதிமன்றம் இல்லை, மத்திய அரசின் இணைச் செயலர் அல்லது மாநில அரசின் செயலர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி. மேல்முறையீடு பசுமைத் தீர்ப்பாயத்துக்கு.

இந்தத் திருத்தம் முதலில் யாருக்குப் பொருந்தியது? இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், பிறகு யூனியன் பிரதேசங்கள். தண்ணீர் மாநிலப் பட்டியல் என்ற அதே பழைய காரணம். 1974இல் நடந்தது ஐம்பது வருஷம் கழித்து அப்படியே திரும்ப நடந்தது. திருத்தம் அமலுக்கு வந்த அன்று, ஊசுட்டேரியின் புதுச்சேரிக் கரையில் கழிவை விட்டால் அபராதம், எதிர்க்கரையில் விட்டால் சிறை. சட்டத்தைப் படித்து இடம் தேர்ந்தெடுக்கிற அளவுக்கு யாரும் இல்லைதான். ஆனாலும் ஏரி ஒன்றுதானே?

இந்த மாற்றம் நல்லதா? இரண்டு பக்கமும் யோசித்தேன். சிறைத் தண்டனைக்குக் குற்றவியல் வழக்கு வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும், 21ஆம் பிரிவில் ஒரு படி தவறியிருந்தால் தோற்கும். அபராதம் சீக்கிரம் நடக்கலாம். மறுபக்கம், 15 லட்சம் என்பது பெரிய ஆலைக்குச் செலவுக் கணக்கில் ஒரு வரி. இதற்கு ஓரளவு ஈடாக 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டெல்லி மாசு கட்டுப்பாட்டுக் குழுமத்தின் வழக்கில் ஒன்றைத் தெளிவாக்கியது. சூழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் இழப்பீட்டை வாரியங்களும் குழுமங்களும் 33ஏ பிரிவின்கீழ் நேரடியாகவே கேட்கலாம், உரிய விதிமுறைகள் வகுத்த பிறகு. இது அபராதத்தோடு சேராத தனி விஷயம். புதுச்சேரியும் ‘குழுமம்’ தான் என்பதால் நமக்கு இது நேராகப் பொருந்துகிறது. என் கணக்கில், இனி ஓர் அதிகாரியின் திறமையைக் காட்டப்போவது எத்தனை பேரை உள்ளே தள்ளினார் என்பது இல்லை, எத்தனை ஏரிக்குச் சரியான பில் போட்டார் என்பதுதான்.

மாமாவுக்கு என்ன சொன்னேன்

போன மாதம் மறுபடி ஊருக்குப் போனேன். மாமாவும் நானும் வாய்க்கால் ஓரமாக மேல்நோக்கி நடந்தோம். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் கரையில் லாரிச் சக்கரத் தடம், சரிவில் காய்ந்த கருப்புச் சேறு. ஆலையே இல்லை. செப்டிக் டேங்க் லாரி, ராத்திரியில் வந்து திறந்துவிட்டுப் போகிறது. யாருடைய கழிவு? எங்கள் ஊருடையதாகவும் இருக்கலாம். மாமா வீட்டு டேங்க் போன வருஷம்தான் எடுத்தார்கள். எங்கே கொண்டுபோய் ஊற்றினார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் என் வீட்டில் கேட்டதில்லை.

மனு எழுதினோம். கழிவு லாரி கொம்யூன் விஷயம், அதனால் முதல் பெயர் ஆணையர். வாய்க்கால் பொதுப்பணித் துறையுடையது, அதனால் நீர்ப்பாசனப் பிரிவுப் பொறியாளர். தண்ணீரில் கலந்தது மாசு, அதனால் குழுமத்தின் உறுப்பினர் செயலர். மூன்று பெயரையும் ஒரே தாளில் போட்டோம், ஒருவர் இன்னொருவரைக் காட்ட முடியாதபடி. சர்வே எண், தேதி, நேரம், தடத்தின் போட்டோ. என் சொந்த பாட்டில் சோதனை எதையும் இணைக்கவில்லை. ‘சட்டப்படி மாதிரி எடுக்கக் கோருகிறோம்’ என்று ஒரு வரி மட்டும். தபாலில் அனுப்பாமல் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினோம்.

என்ன நடந்தது என்று பிறகு இதே பதிவில் சேர்க்கிறேன். வெளியே வரும்போது மாமா நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“மூணு ஆபீசரும் நம்ம ஊருக்கு வழி கேட்டு வந்துடுவாங்களா மாப்ள?”

“போன் நம்பர் உங்களுதுதான் குடுத்திருக்கேன் மாமா. ஆஃப் பண்ணிடாதீங்க.”